இடம் மாறிய கொழுப்பும் செவிசாய்க்காத தசையும்



இலக்கியமும் சமயமும் பேசிவந்த இம்மேடையில் உடலின் இரசாயனத்தைப் பற்றித் தமிழில் ஒரு பிரசங்கம் நிகழ்த்த வேண்டுமென்று நிர்வாகிகள் கேட்டுக்கொண்டபோது நான் தயக்கமின்றி இசைந்தமைக்குக் காரணம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2008 முதல் 2020 வரை நாடெங்கும் 1,13,043 பேரைப் பரிசோதித்து 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 11.4 பேருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. கேரளத்திலோ அத்தொகை 25.5. கோவாவும் புதுச்சேரியும் மட்டுமே நம்மைக் காட்டிலும் ஓரடி முன்னே நிற்கின்றன. கேரளத்தில் வயது வந்தோருள் நால்வரில் ஒருவரின் இரத்தத்தில் நிகழ்வதை அவர்களுக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்காமல், ஆங்கில ஏடுகளுக்குள்ளேயே அதனைப் பூட்டிவைத்திருப்பது கற்றவர்களுக்கு அழகன்று என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

திருவனந்தபுரமாகிய இந்நகரத்தில் தமக்குச் சர்க்கரை வியாதி என்று முதன்முதல் கேள்வியுற்றவர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: "நான் ஒல்லியான ஆள், இனிப்பையும் அதிகம் தொடுவதில்லை, எனக்கு எப்படி வந்தது?" அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சத்தியை விருந்தில் போளியும் பால்பாயசமும் இரண்டாம் முறை கேட்டு வாங்கியவருக்கே இது வரும் என்றும், பருத்த தேகத்தாருக்கே உரியது என்றும் அவர் கேட்டு வளர்ந்திருக்கிறார். அவருடைய உறவினரும் அவ்வாறே எண்ணி, அவர் அறியாமல் எதையோ தின்றிருக்கிறார் என்று உள்ளூர ஐயுறுகின்றனர். நோயோடு பழியையும் சேர்த்துச் சுமக்கும் அம்மனிதருக்கு விஞ்ஞானம் ஒரு விடை வைத்திருக்கிறது. இரத்தத்தில் ஏறிய சர்க்கரை கதையின் கடைசி அத்தியாயமே. முதல் அத்தியாயம் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே, தசையிலும் ஈரலிலும், தனக்குரிய இடத்தைவிட்டு வந்து குடிபுகுந்த மிகச் சிறிதளவு கொழுப்பினால் எழுதப்பட்டுவிட்டது. அதனை எழுதுவதற்குப் பருத்த உடல் தேவையில்லை. இவ்விடை எவ்வாறு கண்டறியப்பட்டது, அதற்கு நம்மவர் உடல்களே எவ்வளவு தூரம் சாட்சியாயின என்பதே இன்றைய என் பேச்சு.

மதுமேகத்தில் இருவகை உண்டென்றும், ஒன்று பிறவியோடு வந்து மெலிந்தாரைப் பற்றுவதென்றும், மற்றொன்று ஒவ்வாத உணவாலும் நடையாலும் வந்து பருத்தாரைப் பற்றுவதென்றும் சுசுருத சம்ஹிதை பிரித்துரைத்தது. அப்பிரிவை நவீன வைத்தியம் தன் வழியில் மீண்டும் கண்டுகொள்ள நெடுங்காலம் பிடித்தது. 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்து, 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அதனைச் செலுத்தி, மரணத்தின் வாயிலிருந்து நோயாளிகளை மீட்கத் தொடங்கிய பிறகு, சர்க்கரை வியாதி என்றாலே இன்சுலின் குறைவு என்று உலகம் ஒருமுகமாக நம்பியது. அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவர் லண்டனில் பணியாற்றிய ஹரால்டு ஹிம்ஸ்வொர்த். அவர் செய்த சோதனை எளியது. நோயாளிக்குக் குளுக்கோஸை வாய்வழியாகவும் இன்சுலினை இரத்தக்குழாய் வழியாகவும் ஒரே நேரத்தில் கொடுத்து, இரத்தச் சர்க்கரை ஏறுகிறதா, அடங்குகிறதா என்று பார்த்தார். சிலருக்கு அடங்கியது, வேறு சிலருக்கு, அதே அளவு இன்சுலின் உள்ளே சென்றும், ஒன்றும் நேராதது போலச் சர்க்கரை ஏறிக்கொண்டே போயிற்று. ஆகவே இன்சுலின் இல்லாமையால் வரும் வியாதி ஒன்று, இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காமையால் வரும் வியாதி மற்றொன்று என்று 1936-இல் அவர் எழுதினார். இரத்தத்தில் உள்ள இன்சுலினை அளக்கும் உபாயம் அன்று இல்லாமையால் அக்கூற்று கால் நூற்றாண்டு உறங்கிக் கிடந்தது.

அளக்கும் உபாயத்தைத் தந்தவர்கள் நியூயார்க்கின் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ஆவர். கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினையும் அதனைப் பற்றும் எதிர்ப்பொருளையும் கொண்டு, இரத்தத்தில் உள்ள மிக நுண்ணிய அளவையும் மதிப்பிடும் முறையை அவர்கள் 1960-இல் நிலைநாட்டினர். அளந்து பார்த்தபோது, நடுவயதில் வியாதி தொடங்கியவர்களுடைய இரத்தத்தில் இன்சுலின் குறைந்திருக்கவில்லை, பலருக்கு மிகுந்தேயிருந்தது. பெர்சன் 1972-இல் காலமாகிவிட, 1977-இல் அவரின்றியே யாலோ நோபல் பரிசு பெற்றார். ஹார்மோன் ஆராய்ச்சி முழுவதும் இன்று நிற்கும் அஸ்திவாரம் அம்முறையே.

இவ்விடத்தில் நம்மவர் கதை தொடங்குகிறது. 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கிய டாக்டர் எம். விசுவநாதனின் புதல்வர் வி. மோகன், எண்பதுகளில் லண்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, இந்தியரையும் ஐரோப்பியரையும் ஒருங்கே அமர்த்திக் குளுக்கோஸ் கொடுத்து இன்சுலினை அளந்தார். 1986-இல் வெளியான அம்முடிவு, நோயுற்ற இந்தியரிடம் மட்டுமன்றி, நோயே இல்லாத இந்தியரிடமும் ஐரோப்பியரைவிட இன்சுலின் மிகுந்திருந்ததைக் காட்டியது. ஒரே வேலைக்கு நம் கணையம் அதிக இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது எனில், நம் தசையும் ஈரலும் முன்னமே மந்தமாகக் கேட்கின்றன என்பது பெறப்படும். ஐந்தாண்டு கழித்து மேற்கு லண்டனின் சவுத்தால் பகுதியில் பால் மெக்கீக் நடத்திய ஆய்விலும், அங்கே குடியேறிய தெற்காசியரிடம் சர்க்கரை வியாதி ஐரோப்பியரைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்ததும், அதற்குத் துணையாக வயிற்றைச் சுற்றிய கொழுப்பும் இன்சுலினுக்குச் செவிசாய்க்காத தன்மையும் நின்றதும் வெளிப்பட்டன.

இன்சுலினின் ஆணை உயிரணுவுக்குள் எவ்வழியே செல்கிறது என்பதை அறிந்தால்தான் தடை எங்கே என்பது விளங்கும். இந்நகரத்துக் கோட்டையின் வரலாறு அறிந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் ஓர் உவமையைத் துணைக்கொள்கிறேன். திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் அரசாணை நீட்டு என்னும் ஓலையாகப் பிறக்கும். அது காரியக்காரர் கைக்குச் சென்று, அவர் கையொப்பத்துடன் பார்வத்தியக்காரர் கைக்கு மாறி, முடிவில் ஒரு கிராமத்துக் களஞ்சியம் திறக்கும். அரசரும் களஞ்சியமும் ஒருபோதும் நேரில் சந்திப்பதில்லை. இன்சுலினும் அங்ஙனமே. 51 அமினோ அமிலங்களாலான அச்சிறு புரதம் உயிரணுவுக்குள் நுழைந்து எதையும் திறப்பதில்லை. உயிரணுவின் புறச்சுவரில் உள்ள ஏற்பி என்னும் புரதத்தைத் தொடுவதோடு அதன் நேரடி வேலை முடிந்துவிடுகிறது. தொட்ட மாத்திரத்தில் ஏற்பியின் உட்புறப் பகுதிகள் இரண்டும் ஒன்றன் மீதொன்று பாஸ்பேட் என்னும் முத்திரையைப் பதிக்கின்றன. அம்முத்திரை டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் மேல் விழுகிறது. ஏற்பியே முத்திரை குத்தும் நொதி என்பதை 1982-இல் மசாட்டோ கசுகாவும் ரொனால்டு கானும் அவர்தம் குழுவினரும் கண்டனர். முத்திரை பெற்ற ஏற்பி அடுத்து ஐ.ஆர்.எஸ். என்னும் புரதத்தின் டைரோசின்களில் முத்திரையிடுகிறது, அங்கே பி.ஐ.-3 கைனேஸ் என்னும் நொதி வந்து ஒட்டி, சுவரிலுள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறை மாற்றியமைக்கிறது. அதனால் ஈர்க்கப்பட்டு ஏ.கே.டி. என்னும் நொதி விழிக்கிறது. அது மற்றொரு புரதத்தின் பிடியைத் தளர்த்த, உயிரணுவின் உள்ளே சிறு பைகளில் அடைந்து கிடந்த குளுட்-4 என்னும் குளுக்கோஸ் கடத்திகள் புறச்சுவருக்கு வந்து சேர்கின்றன. குளுக்கோஸ் உள்ளே நுழைகிறது. இத்தனையும் சில நிமிடங்களில் நிகழ்ந்து முடிகிறது. கடத்திகள் உள்ளிருந்து சுவருக்கு இடம் பெயர்கின்றன என்பதை 1980-இல் இரு குழுவினர் தனித்தனியே கண்டறிந்தனர். பத்தாண்டுக்குள் அக்கடத்தியின் அடையாளமும் தெளிவாயிற்று.

தடை எங்கே? அநேகர் எதிர்பார்த்ததுபோல் அது ஏற்பியின் பிறவிக் குறையன்று; அத்தகைய குறையுடையோர் உலகில் மிகச் சிலரே. இதனை அறிய, உயிருள்ள மனிதனின் தசைக்குள், அவனை வருத்தாமல், எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு ஷுல்மன் அணுக்காந்த ஒத்ததிர்வு என்னும் பௌதிக முறையை இதற்குப் பயன்படுத்தி, கார்பன்-13 கலந்த குளுக்கோஸைச் செலுத்தி, அது தசையில் கிளைகோஜனாகச் சேமிக்கப்படும் வேகத்தை அளந்தார். சர்க்கரை நோயாளிகளிடம் அவ்வேகம் ஏறக்குறையப் பாதியே என்று 1990-இல் அறிவித்தார். உணவு உண்ட பின் வரும் சர்க்கரையின் பெரும்பகுதிக்குப் போக்கிடம் தசையே. அது மறுத்தால் சர்க்கரை எங்கே போகும்?

அடுத்த படி, விஞ்ஞான சிந்தனையின் அழகுக்கு ஓர் எடுத்துக்காட்டு என்பதால் அதில் சற்றுத் தங்குகிறேன். கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் பகை உண்டென்பதை 1963-இல் பிலிப் ராண்டில் என்னும் ஆங்கிலேயர் சொல்லியிருந்தார். உயிரணு கொழுப்பை எரிக்கத் தொடங்கினால் குளுக்கோஸை எரிக்கும் பாதையின் நடுவே ஒரு நொதி அடங்கிப்போகிறது, ஆகவே உள்ளே வந்த குளுக்கோஸ் தேங்குகிறது என்பது அவர் கொள்கை. அது மெய்யாயின், கொழுப்பு மிகும்போது உயிரணுவுக்குள் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் என்னும் இடைப்பொருள் பெருக வேண்டும். ஷுல்மன் குழுவினர் நலமுள்ள தன்னார்வலருக்குக் கொழுப்பை இரத்தவழியே செலுத்தி, சில மணி நேரம் காத்திருந்து அளந்தனர். அவ்விடைப்பொருள் பெருகவில்லை, குறைந்தது. தேக்கம் உள்ளே இல்லை, குளுக்கோஸ் உள்ளே வரும் இடத்திலேயே இருக்கிறது என்பது இதனால் வெளிப்பட்டது. முப்பது ஆண்டுகள் பாடநூல்களில் வீற்றிருந்த கொள்கை ஒன்று, ஓர் எண் ஏறுவதற்குப் பதிலாக இறங்கியதால் தன் இடத்தை இழந்தது. நலமாயிருந்த மனிதரின் தசை, கொழுப்பு சேர்ந்த சில மணிகளிலேயே இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுத்தது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

தசைக்குள் கொழுப்பு சேரும்போது, முழுக் கொழுப்பாக மாறும் பாதையில் டையசைல்கிளிசரால் என்னும் இடைநிலைப் பொருள் தோன்றுகிறது. அது வெறும் இடைநிலைப் பொருளாக ஒதுங்கியிராமல், தானும் ஒரு சமிக்ஞையாகி, புரோட்டீன் கைனேஸ்-சி என்னும் நொதிக் குடும்பத்தில் தசையில் உள்ள தீட்டா வகையை எழுப்புகிறது. அந்நொதியும் முத்திரை குத்துவதுதான். ஆனால் டைரோசினில் விழவேண்டிய முத்திரையை, ஐ.ஆர்.எஸ். புரதத்தின் செரீன் என்னும் வேறிடங்களில் விழச் செய்கிறது. தவறான இடத்தில் முத்திரை விழுந்த ஓலையைப் பார்வத்தியக்காரர் ஏற்பதில்லை. நீட்டு பிறந்தது மெய். வந்து சேர்ந்ததும் மெய். களஞ்சியம் மட்டும் திறக்கவில்லை. அரண்மனையோ, திறக்கவில்லை என்று கண்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஓலை அனுப்பிக்கொண்டேயிருக்கிறது. மோகன் லண்டனில் அளந்து கண்ட மிகை இன்சுலின் இதுவே.

இக்கொள்கைக்கு எதிராக எழுந்த வலுவான ஆட்சேபம் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. நெடுந்தூர ஓட்டக்காரர்களின் தசையை எடுத்துப் பார்த்தால் அதிலும் கொழுப்பு மிகுந்திருக்கிறது. அவர்களோ இன்சுலினுக்கு மிகக் கூர்மையாகச் செவிசாய்ப்பவர்கள். அங்ஙனமாயின் கொழுப்பைக் குற்றஞ்சாட்டுவது எப்படி? சிந்தித்துப் பார்த்தால் இந்த ஆட்சேபமே கொள்கையைக் கூர்மையாக்கியது. ஓட்டக்காரரின் தசை கொழுப்பை முழுமையாக மாற்றித் துளிகளாகச் சேமித்து, ஓடும்போது எரித்துவிடுகிறது. உட்கார்ந்தே நாள் கழிப்பவர் தசையில் அது பாதிவழியில், டையசைல்கிளிசராலாக, உயிரணுச் சுவரை ஒட்டி நின்றுவிடுகிறது. குற்றவாளி கொழுப்பின் அளவன்று, அதன் நிலையும் அது நிற்கும் இடமும் என்றே நான் கருதுகிறேன். அழற்சிதான் முதற்காரணம் என்று கூறும் பள்ளியும் உண்டு. பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் டி.என்.எஃப். என்னும் அழற்சிப் பொருள் மிகுந்திருப்பதை 1993-இல் ஹோட்டமிஸ்லிகிலும் ஸ்பீகல்மனும் காட்டியது பெரிய கண்டுபிடிப்பே. ஆயினும் அழற்சி தலைகாட்டுமுன்பே, சில மணி நேரக் கொழுப்பேற்றத்திலேயே தசை மாறிவிடுவதைப் பார்க்கும்போது, அழற்சி நெருப்பை வளர்ப்பதே அன்றி மூட்டுவதன்று என்று சொல்லத் துணிகிறேன்.

ஈரலின் கதை இன்னும் விசித்திரமானது. அங்கே புரோட்டீன் கைனேஸ்-சி குடும்பத்தின் எப்சிலான் வகை எழுந்து, ஏற்பியின் மேலேயே, திரியோனின் என்னும் ஓரிடத்தில் முத்திரையிட்டு அதனை முடக்குகிறது. இதன் விளைவாக, இரவில் நாம் உறங்கும்போதும் ஈரல் சர்க்கரையைச் செய்து இரத்தத்தில் விட்டுக்கொண்டேயிருக்கிறது. விடியற்காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் பரிசோதனையில் எண் ஏறியிருப்பது இதனால்தான். இரவில் ஒன்றும் உண்ணாமல் படுத்தவர் காலையில் அந்த எண்ணைக் கண்டு திகைப்பதை நான் பன்முறை கண்டிருக்கிறேன். இன்சுலின் ஈரலுக்கு இரண்டு ஆணைகள் இடுகிறது: சர்க்கரை செய்வதை நிறுத்து என்பது ஒன்று, கொழுப்பைச் செய் என்பது மற்றொன்று. நோயுற்ற ஈரல் முதல் ஆணையை மறுத்து இரண்டாம் ஆணைக்கு மட்டும் பணிகிறது. கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற பிரௌனும் கோல்ட்ஸ்டைனும் 2008-இல் இம்முரண்பாட்டை எடுத்துக்காட்டினர். ஏற்பியே முடங்கிவிட்டால் இரண்டு ஆணையும் அல்லவா தவற வேண்டும் என்பது இன்னும் தீராத வழக்கு. தசை மறுத்த சர்க்கரை வெள்ளமாக ஈரலை அடைவதால், ஆணையின்றியே அங்கே கொழுப்பு விளைகிறது என்பது ஒரு விடை. அதற்குச் சான்றும் உண்டு. 2007-இல் ஷுல்மன் குழுவினர், ஒல்லியான, நலமுள்ள, ஆனால் இன்சுலினுக்குச் செவிசாய்க்காத இளைஞருக்கு மாவுச்சத்து மிகுந்த உணவளித்துப் பார்த்தபோது, செவிசாய்ப்போரோடு ஒப்பிட, தசையில் கிளைகோஜன் சேர்வது பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஈரலில் புதிதாகக் கொழுப்பு விளைவது இருமடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அரிசிச் சோறும் மரச்சீனிக் கிழங்கும் நாள்தோறும் உண்ணும் நாட்டில் இச்சோதனையின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. சோறு குற்றவாளியன்று, அதே சோறு ஓர் உழவனின் தசைக்குள் கிளைகோஜனாகிறது, கல்லாப்பெட்டியின் பின்னே பகல் முழுதும் அமர்ந்திருப்பவரின் ஈரலில் கொழுப்பாகிறது.

கொழுப்பு ஏன் இடம் மாற வேண்டும்? தோலுக்கு அடியில் கொழுப்பைப் பத்திரமாக வைக்க உடல் ஓர் அறையைப் படைத்திருக்கிறது. அவ்வறையே இல்லாமல் பிறக்கும் அபூர்வமான குழந்தைகள் உண்டு. கை கால்களில் நரம்பும் தசையும் வெளித்தெரிய, தேகத்தில் பொட்டுக் கொழுப்பும் இல்லாத அவர்களுக்கே மிகக் கடுமையான இன்சுலின் மறுப்பும், கொழுப்பேறிய ஈரலும், இளமையிலேயே சர்க்கரை வியாதியும் வருகின்றன. வைக்க இடமில்லாத கொழுப்பு தசைக்கும் ஈரலுக்கும் போயிற்று. அவர்களைப் போன்றே கொழுப்பற்ற எலிகளுக்குக் கொழுப்புத் திசுவைப் பொருத்தியபோது நோய் தணிந்தது. பயோகிளிட்டசோன் என்னும் மருந்தை உட்கொண்டவருக்கு எடை ஏறினாலும் சர்க்கரை இறங்குகிறது. அம்மருந்து தோலடி அறையை விரித்துக் கொழுப்பை அங்கே திருப்பியனுப்புவதே காரணம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒருவர் எவ்வளவு பருத்தவர் என்பதன்று. அவருடைய தோலடி அறை எவ்வளவு கொள்ளும், எப்போது நிரம்பி வழியும் என்பதே.

நம்மவரின் அறை சிறியது. புனே நகரின் யாஜ்னிக்கும் லண்டனின் யட்கினும் 2004-இல் தங்கள் இருவர் படத்தையும் அருகருகே வைத்து ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் எண் இருவருக்கும் 22.3, உடலிலுள்ள கொழுப்போ யட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2. வெளியே ஒரே எண், உள்ளே இருமடங்குக்கு மேற்பட்ட வேற்றுமை. இது பிறவியிலேயே தொடங்குகிறது என்பதையும் யாஜ்னிக் காட்டினார்: புனேயைச் சுற்றிய கிராமங்களில் பிறக்கும் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ எடையோடு, ஆங்கிலக் குழந்தைகளைவிட மெலிந்து, தசையும் குறைந்து பிறந்தும், கொழுப்பை மட்டும் விடாது பற்றிக்கொண்டு வருகின்றன. தாய் கருவுற்ற காலத்தில் உண்ணக் கிடைக்காத ஊட்டம், மகனின் நாற்பதாம் வயதில் கணக்குத் தீர்க்கிறது. 2006-இல் யேலில், புகைபிடிக்காத, ஒல்லியான, நலமுள்ள இளைஞர்களைப் பல இனங்களிலிருந்தும் சேர்த்து ஆராய்ந்தபோது, இந்திய வம்சாவளி ஆடவரிடம் இன்சுலின் மறுப்பு மற்றவரைவிட மூன்று நான்கு மடங்கு மிகுந்திருந்தது. ஈரல் கொழுப்பு ஏறக்குறைய இருமடங்கு. "நான் ஒல்லியான ஆள்" என்று கேட்ட நம் அன்பருக்கு விடை அந்த ஆய்வில் இருக்கிறது.

செவிசாய்க்காமை மட்டும் வியாதியாவதில்லை. கணையம் ஈடுகொடுக்கும் வரை இரத்தச் சர்க்கரை சமநிலையிலேயே நிற்கும். பரிசோதனைச் சாலையின் எண் யாதொன்றையும் காட்டாது. ஆயினும் கண்ணுடையார் காணத்தக்க குறிகள் உண்டு. கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து, வெல்வெட்டுத் துணிபோலாவது மிகை இன்சுலினின் வெளியடையாளம். வீட்டுப் பெரியவர்கள் அதனை அழுக்கென்று எண்ணிப் பிள்ளையைத் தேய்த்துக் குளிக்கச் சொல்லிக் கண்டிப்பதை நான் அறிவேன். அப்பிள்ளையைக் கண்டிக்காமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள் என்று தாய்மார்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பரிகாரம் என்ன? இன்சுலினின் பாதை தடைப்பட்டபோதும் குளுட்-4 கடத்திகளைச் சுவருக்குக் கொண்டுவர இயற்கை இரண்டாவது பாதை ஒன்றை வைத்திருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது அதனுள் எரிபொருள் குறைவதை உணரும் ஏ.எம்.பி. கைனேஸ் போன்ற நொதிகள் எழுந்து, இன்சுலினைக் கேளாமலே கடத்திகளை நகர்த்துகின்றன. ஐ.ஆர்.எஸ். புரதத்தில் தவறான முத்திரை விழுந்திருந்தாலும் இப்பாதைக்கு ஊறில்லை. செவிசாய்க்காத இளைஞரை 45 நிமிடம் ஒரே ஒருமுறை உடற்பயிற்சி செய்வித்து உணவளித்தபோது, தசையில் கிளைகோஜன் சேர்வது பன்மடங்கு ஏறியதையும், ஈரலில் கொழுப்பு விளைவது நூற்றுக்கு முப்பது அளவு குறைந்ததையும் 2011-இல் யேல் குழுவினர் கண்டனர். மருந்துக் கடையில் விற்கப்படாத இச்சமிக்ஞை, விடியற்காலையில் புத்தரிக்கண்டம் மைதானத்தைச் சுற்றி நடப்பவரின் தொடைத் தசையில் நாள்தோறும் பிறக்கிறது. அதன் பயன் ஓரிரு நாளே நிற்கும். ஆகையால் ஞாயிறு ஒரு நாள் மட்டும் நெடுந்தூரம் நடப்பவரைவிட, நாள்தோறும் சிறிது நடப்பவரே இதன் பலனை அடைகிறார்.

மக்கள் நடுவே இதனைச் செய்து பார்த்தவர்களுள் நம்மவரும் உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில், சர்க்கரை வியாதியின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவருள் 39 பேருக்கே வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையின் பயனும் ஏறக்குறைய இதேயளவு. இரண்டையும் சேர்த்தும் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. இங்கிருந்து தெற்கே நெய்யாற்றின்கரை தாலுகாவில், இந்நகரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் கே. ஆர். தங்கப்பனும் அவர் குழுவினரும், 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரைச் சேர்த்து, அண்டை வீட்டாரே ஒருவருக்கொருவர் துணைநின்று நடப்பதும் காய்கறி பயிரிட்டு உண்பதுமாக ஒரு திட்டத்தை நடத்தினர். 2018-இல் வெளியான முடிவு: இரண்டாண்டில் துணைபெற்றோருள் நூற்றுக்கு 14.9 பேருக்கும், மற்றோருள் 17.1 பேருக்கும் வியாதி வந்தது. இவ்வேற்றுமை தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடும் என்று புள்ளியியல் கூறுகிறது. இதைத் தோல்வி என்று சிலர் ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. சென்னையில் சேர்க்கப்பட்டவர்கள் முன்னமே குளுக்கோஸ் பரிசோதனையில் தடுமாறியவர்கள். நெய்யாற்றின்கரையில் சேர்க்கப்பட்டவர்கள் வயது, இடுப்பளவு, குடும்ப வரலாறு முதலியவற்றால் அபாயம் மிகுந்தவர் என்று கருதப்பட்டவர்கள். பின்னவருள் பலரின் கணையம் இன்னும் ஈடுகொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டாண்டில் அவர்கள் இரத்தச் சர்க்கரையில் பெரிய வேறுபாட்டை எதிர்பார்ப்பது பொருந்தாது. சர்க்கரை கடைசியில் பேசுவது. அதனை மட்டும் அளந்தால், முன்னே தசையிலும் ஈரலிலும் நேர்ந்த நன்மை கணக்கில் வராமலே போகும்.

ஆகவே மாணவர்களே, உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்துச் செல்கிறேன். நம்மவரின் தோலடிக் கொழுப்பறை ஏன் விரைவில் நிரம்புகிறது என்பது இன்றுவரை எவராலும் முழுமையாக விளக்கப்படவில்லை. கொழுப்பு உயிரணுக்கள் எண்ணிக்கையில் குறைவா, பெருகும் திறனில் குறைவா, கருவிலேயே அவற்றின் வித்து குறைக்கப்பட்டதா என்பவை திறந்த வினாக்கள். இந்நகரத்திலேயே சித்திரைத் திருநாள் நிறுவனமும் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும் இருக்கின்றன. மூலக்கூறை அளக்கத் தெரிந்தவர்களும் மக்களை அறிந்தவர்களும் ஒரே ஊரில் வாழ்கின்றனர். நெய்யாற்றின்கரையில் செய்ததுபோல் ஓர் ஆய்வை மீண்டும் தொடங்கி, இம்முறை சர்க்கரையோடு ஈரல் கொழுப்பையும் வெறும்வயிற்று இன்சுலினையும் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து, நடப்பவரின் ஈரலில் கொழுப்பு எத்தனை வாரத்தில் குறைகிறது, அது குறைந்த பின் எத்தனை நாளில் வெறும்வயிற்றுச் சர்க்கரை இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதில் சேர்க்கப்படுவோரில் பாதிப்பேராவது ஒல்லியான தேகத்தினராக இருக்கட்டும்.